மானிப்பாய் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன்: சிற்றூர் மருத்துவப் பணியும் தமிழ் மருத்துவ நூலாக்கமும்

ஆய்வுச்சுருக்கம்

அமெரிக்க மிசனைச் சேர்ந்த மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822–1884) தமிழில் மேலை மருத்துவ நூல்களை உருவாக்கிய முன்னோடியாக அறியப்படுகிறார். அவரைப் பற்றிய எழுத்துகள் பெரும்பாலும் கலைச்சொல்லாக்கம், மொழிபெயர்ப்பு என்னும் தலைப்புகளின்கீழ் அமைந்துள்ளன. அந்நூல்கள் யாழ்ப்பாணத்தின் சிற்றூர் ஒன்றில் இயங்கிய மருத்துவமனையின் அன்றாடத் தேவையிலிருந்து தோன்றியவை என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. கிறீனின் மருத்துவ வாழ்வு, மாணவர் பயிற்சி, பயிற்றுமொழி மாற்றம், நூல்கள் வெளிவந்த வரிசை ஆகியவற்றை ஒருசேர நோக்கும்போது, அவரது தமிழ்ப்பணி மருத்துவப் பணியின் ஒரு பகுதியாகவே வளர்ந்தது புலனாகிறது.

திறவுச்சொற்கள்: மானிப்பாய், அமெரிக்க மிசன், இரண வைத்தியம், அங்காதிபாதம், தமிழ்வழி மருத்துவக் கல்வி, கலைச்சொல்லாக்கம்

முன்னுரை

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ் உரைநடை வரலாற்றில் அறிவியல் நூல்களுக்குத் தனியிடம் உண்டு. அவற்றுள் மருத்துவ நூல்களின் தொகுதி பக்க அளவிலும் துறைப்பரப்பிலும் குறிப்பிடத்தக்கது. உடலமைப்பு, உடலியக்கம், மகப்பேறு, அறுவை, பொது மருத்துவம், வேதியியல், மருந்தியல் ஆகிய துறைகளில் நான்காயிரம் பக்கங்களுக்கு மேல் தமிழில் அச்சேறுவதற்குக் கிறீன் காரணமாக இருந்தார். இம்முயற்சி சென்னையிலோ கொழும்பிலோ நிகழவில்லை. யாழ்ப்பாண நகரிலிருந்து சில கல் தொலைவிலுள்ள மானிப்பாயில் நிகழ்ந்தது.

கிறீனின் கடிதங்களையும் வாழ்க்கைக் குறிப்புகளையும் எபனேசர் கட்லர் தொகுத்து 1891-இல் வெளியிட்டார். ஈழத்துக் கவிஞர் அம்பி 'கிறீனின் அடிச்சுவடு' (1967), 'மருத்துவத் தமிழ் முன்னோடி' (1995) என்னும் நூல்களின் வழியே அவரைத் தமிழ் வாசகர்க்கு மீண்டும் அறிமுகப்படுத்தினார். இவற்றுக்குப் பின் வந்த கட்டுரைகள் கிறீனின் கலைச்சொற்களில் கூடுதல் கவனம் செலுத்தியுள்ளன. சொற்களை ஆக்கியவர் நாள்தோறும் நோயாளரைக் கண்ட ஓர் அறுவை மருத்துவர் என்பது அவ்வெழுத்துகளில் பின்னணிச் செய்தியாகவே நின்றுவிடுகிறது. பெருநகர மருத்துவமனைகளுக்குத் தோன்றாத ஒரு தேவை இச்சிற்றூர் மருத்துவருக்கு ஏன் தோன்றியது என்னும் வினாவே இக்கட்டுரையின் மையம்.

பிறப்பும் மருத்துவப் பயிற்சியும்

கிறீன் 1822 அக்டோபர் 10 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்சு மாநிலத்து ஊஸ்டர் நகரில், கிறீன் ஹில் எனப்பட்ட குடும்ப நிலத்தில் பிறந்தார். அவருடைய தமையன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிறீன், நியூயார்க்கின் மத்தியப் பூங்கா அமைப்பிலும் 1898-இல் நிகழ்ந்த பெருநகர இணைப்பிலும் முதன்மைப் பங்கு வகித்தவர். ஒரே வீட்டில் வளர்ந்த இருவருள் ஒருவர் உலகின் பெருநகர்களுள் ஒன்றை வடிவமைப்பதில் ஈடுபட, மற்றவர் யாழ்ப்பாணத்துச் சிற்றூரில் தம் வாழ்வின் பெரும்பகுதியைக் கழித்தார்.

கிறீன் நியூயார்க்கின் மருத்துவர், அறுவை மருத்துவர் கல்லூரியில் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அறுவை மருத்துவ வரலாற்றில் இக்காலம் கருதத்தக்கது. 1846 அக்டோபரில்தான் பாஸ்டன் நகரில் ஈதர் ஆவியால் நோயாளியை மயக்கி அறுவை செய்யும் முறை பலர் முன்னிலையில் மெய்ப்பிக்கப்பட்டது. அடுத்த ஆண்டிலேயே கிறீன் இலங்கைக்குக் கப்பலேறினார். மயக்கமருந்து இல்லாத காலத்தில் அறுவை பயின்று, அது பரவத் தொடங்கிய காலத்தில் தொழில்செய்த தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். நோயாளி விழித்திருக்கும் நிலையில் செய்யப்படும் அறுவையில் மருத்துவரின் விரைவும் உதவியாளரின் பயிற்சியும் உயிரைத் தீர்மானித்தன. நல்ல உதவியாளர் இன்றி அறுவை மருத்துவம் இல்லை என்னும் அறிவு அத்தலைமுறையினர்க்குக் கல்லூரியிலேயே படிந்த ஒன்று.

மானிப்பாய் மருத்துவமனை

யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிசனின் மருத்துவப் பணி கிறீனுக்கு முன்பே தொடங்கியிருந்தது. 1819-இல் இலங்கை வந்த ஜான் ஸ்கடர் பண்டத்தரிப்பில் பணியாற்றிப் பின்னர்ச் சென்னைக்குச் சென்றார். அவருக்குப் பின் வந்த நேதன் வார்டு 1846-இல் திரும்பினார். 1847-இல் வட்டுக்கோட்டைக்கு வந்த கிறீன், அடுத்த ஆண்டு மானிப்பாயைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். 1848 முதல் 1873 வரை, இடையில் தாயகம் சென்றிருந்த ஆண்டுகள் நீங்கலாக, அவரது பணி அங்கேயே நடைபெற்றது.

மானிப்பாய் அன்று நகரமன்று. ஆயினும் மொழித்துறையில் அதற்கு ஒரு பெயர் இருந்தது. அமெரிக்க மிசனின் அச்சகம் அங்கு இயங்கியது. மானிப்பாய் அகராதி என வழங்கும் யாழ்ப்பாண அகராதி 1842-இல் வெளிவந்தது அங்கிருந்துதான். அச்சுக்கூடமும் அகராதிப் பணியில் பழகிய தமிழறிஞர் தொடர்பும் அருகிலேயே வாய்த்த ஊரில் மருத்துவமனை அமைந்தமை பின்னர் நடந்தவற்றுக்குத் துணைசெய்தது.

அக்காலக் குடாநாட்டில் நோய்களுக்குக் குறைவில்லை. வாந்திபேதி பலமுறை பரவி உயிர்களைக் கொண்டது. அந்நோயைத் தோற்றுவிக்கும் கிருமியை ராபர்ட் கோக் இனங்கண்டது 1883-ஆம் ஆண்டளவில்தான். எனவே கிறீனின் பணிக்காலம் முழுவதும் நோயின் காரணம் உறுதிப்படாத காலமாகும். பனையேறும் தொழில் பரவிய நிலத்தில் எலும்பு முறிவும் ஆழ்ந்த காயமும் அரியவை அல்ல. கடினமான பிள்ளைப்பேறுகள் மருத்துவச்சியரின் கையறிவையே நம்பியிருந்தன.

இந்நிலத்துக்கு மருத்துவம் புதிதன்று. 'செகராசசேகரம்', 'பரராசசேகரம்' என்னும் மருத்துவ நூல்கள் யாழ்ப்பாண அரசர் காலத்தோடு தொடர்புடையவை. பரம்பரை வைத்தியர்கள் ஊர்தோறும் இருந்தனர். ஆதலால் கிறீனிடம் வந்த நோயாளர் மருத்துவம் அறியாத மக்கள் அல்லர். நோய்க்கும் உறுப்புக்கும் மருந்துக்கும் பத்தியத்துக்கும் தமிழில் நிலைபெற்ற சொற்களை உடையவர்கள். மருத்துவர் அவர்களிடம் பேசவேண்டுமாயின் அச்சொற்களின் வழியே பேசியாக வேண்டும்.

மருத்துவமனையின் அன்றாடம் இதை மேலும் வலியுறுத்தியது. நோய்க்குறிகளைக் கேட்டறிதல், அறுவைக்கு உறவினரின் இசைவு பெறுதல், கட்டை அவிழ்க்கக்கூடாது என்று எச்சரித்தல், மருந்தின் அளவையும் வேளையையும் விளக்குதல் ஆகிய அனைத்தும் மொழியைச் சார்ந்த செயல்கள். தனியொருவரால் இவை அனைத்தையும் செய்ய இயலாது. இரவில் நோயாளரைக் கண்காணிக்கவும் தொலைவிலுள்ள ஊர்களுக்குச் செல்லவும் பயிற்சி பெற்ற துணைவர் வேண்டும். கிறீன் மானிப்பாயில் அமர்ந்த 1848-இலேயே மாணவர் சிலரைச் சேர்த்துப் பயிற்றத் தொடங்கியதன் காரணம் இதுவே. யாழ்ப்பாண நகரில் 1850-இல் அரசாங்க அதிபர் பேர்சிவல் அக்லண்ட் டைக்கின் முயற்சியால் பொது மருத்துவமனை ஏற்பட்டபோது, அங்குப் பணிபுரியவும் கிறீனின் மாணவர்கள் கிடைத்தனர்.

ஆங்கிலவழியிலிருந்து தமிழ்வழிக்கு

கிறீன் தொடக்கத்தில் ஆங்கிலத்தில்தான் மருத்துவம் கற்பித்தார். அதற்குரிய மாணவரை வட்டுக்கோட்டைக் குருமடம் அளித்தது. 1823-இல் தோன்றிய அந்நிறுவனம் கணிதம், வானியல், மெய்யியல் ஆகியவற்றை ஆங்கிலத்தில் உயர்நிலையில் கற்பித்தது. அதன் வெற்றியே அதற்குச் சிக்கலாயிற்று. ஆங்கிலம் கற்றோர் அரசுப் பணியையும் வணிக நிறுவனங்களையும் நாடி ஊரைவிட்டு வெளியேறினர். அங்குப் பயின்ற சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னைக்குச் சென்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவரானார். தமிழ்ப் பதிப்பு வரலாற்றுக்கு அது பெரும்பேறு. ஆனால் யாழ்ப்பாணத்துச் சிற்றூர்களில் உழைக்க ஆள் தேடிய மிசனுக்கு அதே போக்கு இழப்பாகத் தெரிந்தது. மிசன் தலைமை தாய்மொழிக் கல்விக்கு முதன்மை தரும் கொள்கைக்கு மாறியது. 1855-இல் குருமடம் மூடப்பட்டது.

உடல்நலக் குறைவால் 1857-இல் தாயகம் புறப்பட்ட கிறீன், 1862-இல் மார்கரெட் பெல்ப்ஸ் வில்லியம்சை மணந்து மீண்டும் யாழ்ப்பாணம் வந்தார். 1864 முதல் மருத்துவ வகுப்புகளைத் தமிழில் நடத்தினார். அவர் பயிற்றிய அறுபதுக்கு மேற்பட்ட மருத்துவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழ்வழியில் கற்றவர்கள்.

இம்மாற்றத்துக்கு மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, மேற்கூறிய மிசன் கொள்கை. இரண்டாவது, ஆங்கிலம் கற்ற மருத்துவர்கள் நல்ல ஊதியம் கிடைக்கும் இடங்களுக்குச் சென்றுவிட, ஊர்களில் மருத்துவர் இல்லாத நிலை தொடர்ந்தது. தமிழில் கற்றவர் தமிழ் வழங்கும் ஊரில் தங்குவார் என்பது கிறீனின் எதிர்பார்ப்பு. மூன்றாவது, மாணவர்கள் மேலை உடையையும் நடையையும் மேற்கொண்டு தம் மக்களிடமிருந்து விலகுவதை அவர் விரும்பவில்லை. கற்ற மருத்துவம் புதியதாயினும் மருத்துவர் ஊராருள் ஒருவராகவே இருத்தல் வேண்டும் என்று கருதினார்.

இரண்டாவது காரணத்தில் ஒரு கடினமான உண்மையும் அடங்கியுள்ளது. தமிழ்வழிக் கல்வி ஊருக்கு மருத்துவரைத் தந்தது. அதே வேளையில் அந்த மருத்துவர் வேறிடம் செல்லும் வாய்ப்பையும் அது குறைத்தது. ஊரின் நலனும் மாணவரின் முன்னேற்றமும் இங்கே ஒன்றோடொன்று மோதின. கிறீனைப் பாராட்டும் எழுத்துகள் இம்முரணைப் பெரும்பாலும் கடந்து செல்கின்றன. தமிழ்வழிக் கல்வியின் பிற்கால முடிவை விளங்கிக்கொள்ள இதனை மனத்திற்கொள்வது தேவை.

நூல்கள் வெளிவந்த வரிசை

தமிழில் கற்பிக்கத் தமிழ் நூல்கள் வேண்டும். 1852-இல் கல்வின் கட்டரின் நூலைத் தழுவி 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்' வெளிவந்தது. உடலமைப்பு, உடலியக்கம், நலம்பேணல் என்னும் மூன்றையும் சுருக்கமாகக் கூறும் தொடக்கநூல் இது. 1857-இல் மான்செலின் மகப்பேற்று நூல் 'பிரசவ வைத்திய'மாக வந்தது. 1867-இல் துருவித்தின் அறுவைக் கையேடு 'இரண வைத்திய'மாகவும், 1872-இல் கிரேயின் உடலமைப்பு நூல் 'மனுஷ அங்காதிபாத'மாகவும், ஊப்பரின் மருத்துவக் கையேடு 'வைத்தியாகர'மாகவும் வெளிவந்தன. 1875-இல் வேதியியல் நூல் 'கெமிஸ்தம்' என்னும் பெயர் பெற்றது. 1883-இல் டால்டனின் உடலியக்க நூல் 'மனுஷ சுகரண'மாகவும், 1884-இல் வாரிங் தொகுத்த இந்திய மருந்து நூலை ஒட்டிய 'இந்து பதார்த்த சார'மும் வந்தன.

இவ்வரிசை தற்செயலாக அமைந்ததாகத் தோன்றவில்லை. மருத்துவக் கல்லூரியின் பாடத்திட்டத்தில் விரிவான உடலமைப்பும் வேதியியலும் உடலியக்கமும் முன்னே வரும். மகப்பேறும் அறுவையும் பின்னே வரும். மானிப்பாயிலோ, ஒரு தொடக்கநூலுக்கு அடுத்தபடியாக மகப்பேறும் அறுவையும் வந்தன. விரிவான அடிப்படை நூல்கள் பின்னரே வந்தன. ஊரில் தனியே நிற்கும் மருத்துவருக்கு முதலில் வேண்டியது எதுவோ அதுவே முதலில் அச்சேறியது. தாயும் சேயும் இறக்கும் நிலையும், குருதி நிற்காத காயமும், முறிந்த எலும்பும் வேதியியலுக்காகக் காத்திருப்பதில்லை. நூல்களின் காலவரிசை ஒரு கல்லூரியின் பாடத்திட்டத்தைக் காட்டிலும் ஒரு மருத்துவமனையின் தேவைப்பட்டியலை ஒத்திருக்கிறது.

மூலநூல்களின் தேர்வும் இதே நோக்கத்தை உணர்த்துகிறது. துருவித்து, ஊப்பர் ஆகியோரின் நூல்கள் மருத்துவர் அருகில் வைத்துப் பார்க்கும் கையேடுகள். கிரேயின் நூல் 1858-இல் இலண்டனில் முதற்பதிப்புப் பெற்றது. பதினான்கு ஆண்டுகளில் அது தமிழில் கிடைத்தது. டால்டன், கிறீன் பயின்ற அதே நியூயார்க்குக் கல்லூரியில் உடலியக்கப் பேராசிரியராக இருந்தவர். வாரிங் திருவிதாங்கூரில் மருத்துவராகப் பணியாற்றியவர். உள்நாட்டு மூலிகைகளை அறிந்தவர். ஐரோப்பிய மருந்துகள் எளிதில் கிடைக்காத ஊரில், அந்நாட்டிலேயே விளையும் பொருள்களைக் கூறும் நூல் பயன்மிக்கது.

மொழிபெயர்ப்பு கிறீன் ஒருவரின் தனியுழைப்பன்று. டான்போர்த், சாப்மன் முதலான அவருடைய மாணவர்கள் இதில் பங்கேற்றனர். இப்பெயர்களைக் கண்டு இவர்களை அயல்நாட்டவர் எனக் கருதுதல் பிழையாகும். மிசன் கல்விக்கூடங்களில் பயின்ற தமிழ் மாணவர்க்கு அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களைச் சூட்டும் வழக்கம் இருந்தது. நூலடைவுகளைப் பயன்படுத்தும் ஆய்வாளர் இதனைக் கருத்திற்கொள்வது நலம். தமிழ் மருத்துவ நூலாக்கத்தில் தமிழரின் பங்கு அயற்பெயர்களுக்குள் மறைந்து கிடக்கிறது.

கலைச்சொற்களும் நோயாளியின் மொழியும்

நூற்பெயர்களைக் கொண்டே சொல்லாக்க முறையை ஓரளவு உணரலாம். 'இரண வைத்தியம்' நாட்டு மருத்துவத்தில் வழங்கிய சொற்களால் ஆனது. காயத்தையும் புண்ணையும் குறிக்கும் இரணம் என்னும் சொல்லை நோயாளியும் அறிவார். 'அங்காதிபாதம்' வடசொற்களால் ஆனதாயினும் தமிழ்க் காதுக்கு அயலானதன்று. தமிழ்ச் சிற்றிலக்கிய மரபில் பயின்ற கேசாதிபாதம், பாதாதிகேசம் ஆகியவற்றோடு அமைப்பால் ஒத்தது. 'கெமிஸ்தம்' ஆங்கிலச் சொல்லின் அடியோடு தமிழின் அம் ஈற்றை இணைத்தது. வழக்கிலுள்ள சொல், வடமொழி வழியாக்கம், தமிழ் ஓசைக்கு இசைத்த ஆங்கிலச் சொல் என்னும் மூன்று அடுக்குகளை இப்பெயர்கள் காட்டுகின்றன.

நோயாளியோடும் புண்ணோடும் நெருங்கிய துறைக்கு வழக்குச் சொல்லும், ஊர்வழக்கில் இணையான துறையே இல்லாத வேதியியலுக்கு அயற்சொல்லும் அமைந்திருப்பது கவனிக்கத்தக்கது. தூய்மை, தொன்மை என்னும் அளவுகோல்களைவிட, சொல்லைக் கையாள்பவர் யார் என்பதே இங்கு அளவுகோலாக இருந்துள்ளது எனலாம். 1852-இன் நூற்பெயரில் இடம்பெற்ற அங்காதிபாதம், சுகரணம் ஆகிய சொற்கள் 1872, 1883 ஆகிய ஆண்டுகளின் நூல்களிலும் மாறாது வருகின்றன. முப்பது ஆண்டுகள் ஒரே சொல்லைப் பேணியது மாணவர் தலைமுறைகளுக்கிடையே குழப்பம் நேராமல் காத்திருக்கும். பிற்காலத்தில் உடற்கூற்றியல், உடலியங்கியல், வேதியியல் என்னும் சொற்கள் நிலைபெற்று இவற்றை வழக்கிழக்கச் செய்தன.

இந்நூல்களுக்கு வரம்புகளும் உண்டு. 'இரண வைத்தியம்' அச்சான அதே 1867-இல்தான் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தைக் கொண்டு காயங்கள் சீழ்பிடிக்காமல் காக்கும் முறையை மருத்துவ இதழில் வெளியிட்டார். அறுவை மருத்துவத்தையே மாற்றியமைத்த அக்கருத்துக்கு முந்திய உலகைச் சேர்ந்தது அந்நூலின் மூலம். மொழிபெயர்ப்பாளரின் குறையன்று இது. விரைந்து மாறும் துறையில் நூல் பெயர்ப்பவர் எவரும் எதிர்கொள்ளும் நிலை. மருத்துவ நூலை ஒருமுறை தமிழாக்கினால் போதாது, பதிப்புதோறும் புதுக்கவேண்டும். அதற்குத் தனிமனிதரின் உழைப்பைக் கடந்த நிறுவன ஏற்பாடு இன்றியமையாதது.

கிறீனுக்குப் பின்

1873-இல் கிறீன் யாழ்ப்பாணத்திலிருந்து விடைபெற்றார். ஊஸ்டரில் வாழ்ந்த காலத்திலும் தமிழ் நூற்பணியோடு அவருக்கிருந்த தொடர்பு அறவில்லை. 1884 மே 28 அன்று அங்கேயே மறைந்தார். தம்மைத் தமிழருக்குரிய மருத்துவ ஊழியராகக் குறிக்கும் தொடர் தம் கல்லறைக் கல்லில் இடம்பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். அவ்வாறே பொறிக்கப்பட்டது. சமயப் பணியும் மருத்துவப் பணியும் அவருக்கு வெவ்வேறானவை அல்ல என்பதையும் அக்கல் சொல்கிறது. அவரது தமிழ்ப்பணியை மதிப்பிடுவோர் அப்பணியின் சமய நோக்கத்தை மறைக்கவும் வேண்டியதில்லை. அது ஒன்றே நோக்கம் என்று சுருக்கவும் வேண்டியதில்லை.

தமிழ்வழி மருத்துவக் கல்வி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. 1870-இல் கொழும்பில் அரசின் மருத்துவப் பள்ளி ஆங்கிலவழியில் தொடங்கப்பட்டிருந்தது. அரசுப் பதவி, ஊதியம், அறிந்தேற்பு ஆகியவை அப்பாதையில் அமைந்தன. மானிப்பாயின் தமிழ்வழிப் பயிற்சியோ ஒரு மருத்துவரின் உறுதியையும் மிசனின் ஆதரவையும் நம்பியிருந்தது. தமிழில் நூல் இல்லாமையோ சொல் இல்லாமையோ அம்முயற்சி நின்றதற்குக் காரணமன்று. 1884-ஆம் ஆண்டளவில் மருத்துவப் பாடத்தின் முதன்மைத் துறைகளுக்கெல்லாம் தமிழ் நூல்கள் கைவசம் இருந்தன. அவற்றைக் கற்றவர்க்குச் சமமான தகுதியளிக்கும் அரசமைப்பு இல்லை என்பதே உண்மையான தடை. மருத்துவமனை மட்டும் நிலைத்தது. அது கிறீன் நினைவு மருத்துவமனை என்னும் பெயரைத் தாங்கியது.

முடிவுரை

கிறீனின் வாழ்வைச் சிற்றூர் மருத்துவர் ஒருவரின் பணிவரலாறாக நோக்கும்போது மூன்று கருத்துகள் தெளிவாகின்றன. முதலாவது, தமிழ் மருத்துவ நூல்கள் மொழிப்பற்றின் விளைவாக மட்டும் தோன்றவில்லை. நோயாளி, உதவியாளர், மருத்துவர் ஆகிய மூவரும் ஒரே மொழியில் இயங்கவேண்டிய தேவையிலிருந்து தோன்றின. இரண்டாவது, நூல்கள் வெளிவந்த வரிசை அத்தேவையின் முன்பின் முறையைக் காட்டும் சான்றாகும். மூன்றாவது, தமிழ்வழிக் கல்வியின் தேக்கத்துக்குக் கலைச்சொற் பற்றாக்குறையைக் காரணமாகக் கூறும் வழக்கு மானிப்பாய் வரலாற்றோடு பொருந்தவில்லை.

தமிழில் மருத்துவம் கற்பிக்க முடியுமா என்னும் வினா இன்றும் எழுப்பப்படுகிறது. முடியும் என்பதற்கு மானிப்பாயில் கற்று ஊர்களில் மருத்துவம் செய்தவர்கள் சான்று. அவ்வாறு கற்றவருக்கு எத்தகைய எதிர்காலத்தை அமைத்துத் தரப்போகிறோம் என்பதே கிறீனின் காலத்தில் விடைபெறாத வினா. கலைச்சொற் பட்டியல்களை விரிவாக்கும் முயற்சிகள் இவ்வினாவையும் உடன்கொண்டு செல்லவேண்டும்.